நான் தேர்ந்த வியாழக்கிழமை

ஒரு வகுப்பை நான் கொன்றேன். பொய் எழுதிக் கொல்லவில்லை. மெய்யை மட்டுமே எழுதிக் கொன்றேன்.

இதனை இத்தனை ஆண்டுகளாக எவரிடமும் சொன்னதில்லை. என் அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய்யன்று. அதைப் படித்த எவரும் என்மேல் குற்றம் காணவில்லை. இனிக் காணவும் வழியில்லை. நானே எடுத்துக் காட்டினாலொழிய...

ஆகவே காட்டுகிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதுவே எனக்குத் துணிவு தருகிறது போலும். தெரிந்தவர் முகம் பார்த்துச் சொல்ல அஞ்சுகிறவன், தெரியாதவர் முன் நெஞ்சைத் திறக்கிறான்! இதிலும் ஒரு கோழைத்தனம் உண்டு. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மலாக்காவில், காஜா பெராங் சாலையில், ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பெயர் வேண்டா. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலைக்கு, சில ஆண்டுகள் முன்பு தமிழர் சிலர் கூடித் தொடங்கியது. அச்சாலையில் ஒரு கடைவீடும், செமாபோக்கிலும் உஜோங் பாசிரிலும் ஒவ்வொரு கூடமும் அதன் உடைமை. நற்பணி செய்ய முன்வருவோர்க்கு அவ்விடங்களில் அறையும் நாற்காலிகளும் எழுதுபொருளும் கொடுத்து உதவுவதே அதன் தொண்டு. தையல் வகுப்பு, முதலுதவி வகுப்பு, படிப்பகம், பெண்களுக்கான எழுத்தறிவு வகுப்பு... இப்படிச் சில.

நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியன். இலக்கணத்தை முறையாகக் கற்றவன். பிழையான தொடர் காதில் விழுந்தால் பல் கூசும் எனக்கு. கொடுத்த உதவி உரிய பணிக்குப் பயன்படுகிறதா என்று ஆண்டுக்கொரு முறை நேரில் கண்டு எழுதும் மதிப்பீட்டாளனாக ஆட்சிக்குழு என்னை அமர்த்தியது. ஊதியம் இல்லை. பெருமை உண்டு. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

எனக்கு முன் மதிப்பீடு நடந்த முறையைச் சொன்னால் சிரிப்பீர்கள். குழுவினர் இருவர் நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். மாலை விழும். கேசரியும் வடையும் வரும். திரும்பி வந்து, "மிகவும் சிறப்பு" என்று ஒரு வரி எழுதுவார்கள். எல்லாப் பணிகளும் மிகவும் சிறப்பு! ஆளே எட்டிப் பாராத படிப்பகமும் மிகவும் சிறப்பு!

இதற்கு ஒரு கொள்கை வேண்டும் என்றேன். "நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றார்கள்.

எழுதினேன். மூன்று மாதம் எழுதினேன். ஒவ்வொரு தொடரையும் பலமுறை செதுக்கினேன். மதிப்பீட்டாளர் முன்னறிவிப்பின்றிச் செல்லுதல் வேண்டும்; செல்லும் நாளை அவரே தீர்மானித்தல் வேண்டும். சென்ற இடத்தில் தண்ணீரும் அருந்தலாகாது. பயன்பெறுவோரிடம் உரையாடலாகாது, அவர்கள் முகமனுக்காக எதையும் சொல்வர் ஆதலின். கண்டதை மட்டும் எழுதுதல் வேண்டும், கேட்டதை எழுதலாகாது. வினாக்கள் ஏழு. விடை 'ஆம்' அல்லது 'இல்லை'. இரண்டு 'இல்லை' விழுமாயின் அறை திரும்பப் பெறப்படும்.

இன்று படித்தாலும் அதில் மிகையான ஒரு சொல் இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த உரைநடை அதுதான். இதைச் சொல்லும்போதும் உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி எழுகிறதே... என்ன மனிதன் நான்!

வரைவை வாசித்துக் காட்ட, பணி நடத்துவோர் அனைவரையும் அழைத்திருந்தோம். எழுத்தறிவு வகுப்பை நடத்திய லோகநாயகியும் வந்திருந்தார். மருந்தகம் ஒன்றில் உதவியாளர். காலை வேலை முடித்து, பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கடைவீட்டின் மாடியறையில் பெண்களுக்கு எழுத்துக் கற்பித்து வந்தார். துணி வெளுப்போர், கூட்டுவோர், வீட்டு வேலை செய்வோர்... தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பெண்கள். அவர்களுக்கு அவர் லோகா அக்கா.

வாசித்து முடித்ததும் எல்லோரும் தலையசைத்தனர். லோகநாயகி எழுந்தார்.

"ஐயா, ஏழு கேள்வியும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதனால யாருக்கு என்ன நல்லது நடந்துச்சுன்னு ஒரு கேள்வியக் காணோமே?"

"நன்மை கண்ணுக்குத் தெரிவதில்லை அம்மா. தெரியாததை எழுதினால் பழையபடி கேசரிதான்" என்றேன்.

"அப்ப கடைசியில ரெண்டு வரி சும்மா விடுங்களேன். வர்றவங்க மனசுல பட்டத எழுதிக்கிட்டுப் போகட்டும்."

ஆட்சிக்குழுவில் மூத்தவர் காதர் மரைக்காயர், துணிக்கடைக்காரர், கடகடவென்று சிரித்தார். "வாத்தியாரே, அந்தப் புள்ள கேக்குறது நாயந்தானே? என் கடை பில்லுலயே அடியில ரெண்டு வரி சும்மா கெடக்கும் லா! ஒங்க சட்டத்துல கெடந்தா என்னா?"

அவை முழுதும் சிரித்தது. மூன்று மாதம் செதுக்கியதைத் துணிக்கடைச் சீட்டோடு வைத்து எடைபோட்டுவிட்டார்கள்! என் காதுகள் சுட்டது நினைவிருக்கிறது. சும்மா விடும் வரியில் சும்மாதான் எழுதுவார்கள் என்று ஏதோ சொல்லி உட்கார்ந்தேன். அந்த இரண்டு வரி சேர்க்கப்படவில்லை. கொள்கை அப்படியே நிறைவேறியது.

அதன்பின் நடந்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நான் ஊகிக்கவில்லை... அல்லது ஊகித்தும் ஊகியாதவன் போல் இருந்தேன்.

பணிகள் ஏழு வினாக்களுக்கு ஏற்றாற்போல் வளைந்தன. தையல் வகுப்பில் தைத்து முடித்த சட்டைகளை விற்காமல் அடுக்கி வைத்தனர், என் கண்ணில் படுவதற்காக. படிப்பகத்தில் செய்தித்தாள்களைவிட வருகைப் பதிவேடு தடித்தது. செமாபோக் முதலுதவி வகுப்பை ஒரு முறை அணுகும்போது, என் குடையைத் தொலைவிலேயே கண்டுவிட்ட ஒருவர் உள்ளே பாய்ந்தார். "வந்துட்டாரு, வந்துட்டாரு! யோவ், கைய நீட்டுய்யா!" என்ற குரல் சன்னல் வழியே தெளிவாகக் கேட்டது. நான் நுழைந்தபோது கூடத்துக் காவலாளியின் நலமான வலக்கைக்குச் சுறுசுறுப்பாகக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தனர். அடுத்த ஆண்டும் அதே கை. காவலாளி என்னைப் பார்த்து நட்போடு தலையசைத்தார்.

'அறிவிக்கப்பட்ட பாடம் நடந்ததா? ஆம்.' நான் அதைத்தானே கண்டேன்! குரல் என்பது கேட்டது, எழுதலாகாது.

லோகநாயகி மட்டும் எதையும் அடுக்கி வைக்கவில்லை. குடை வருகிறதா என்று பார்க்க ஆளும் நிறுத்தவில்லை.

அது மெர்டேக்கா முடிந்து மூன்றாம் நான்காம் ஆண்டு. அடையாள அட்டை இரு நிறமாகப் பிரிந்த காலம். குடியுரிமை உடையோர்க்கு நீலம், இல்லாதோர்க்குச் சிவப்பு. இந்த மண்ணில் பிறந்தவர்க்குச் சிக்கலில்லை. கைக்குழந்தையாகக் கப்பலில் வந்து, இங்கேயே வளர்ந்து மணந்து பிள்ளை பெற்றவர்களுக்கோ, விண்ணப்பம் போட்டு அதிகாரி முன் நின்று, கேட்டதற்கு மலாயில் நாலு வார்த்தை சொன்னால்தான் நீல அட்டை. சந்தையில் மலாய் பேசாதவர் யார்? ஆனால் அதிகாரியின் மேசைக்கு முன் அந்தச் சந்தை மலாய் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். நம் பெண்கள் அங்கே போய் நடுங்கினார்கள்.

ஒரு வியாழக்கிழமை பள்ளி விட்டு அந்தக் கடைவீட்டின் அஞ்சடி நடைபாதையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். மேலேயிருந்து பெண்கள் கூட்டமாக உரைக்கும் ஒலி. தமிழன்று. மலாய். நடுநடுவே ஒரு முதிய குரல் திருத்திக்கொண்டிருந்தது. அக்குரலை நான் அறிவேன். காஜா பெராங்கின் செட்டிக் குடியிருப்பில் வாழும் மீனாட்சி அம்மையாருடையது. பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடி. கோயிலுண்டு, திருநீறுண்டு, பெயருமுண்டு. தமிழ் மட்டும் இல்லை. வீட்டில் பேசுவது மலாய். சாரோங்கும் கெபாயாவும் அணிந்து பொங்கல் வைப்பார்கள்.

தமிழை இழந்தவர்கள் என்று அவர்களை நான் வகுப்பில் சுட்டிக் காட்டுவதுண்டு. மாணவர்களுக்கு எச்சரிக்கையாக! அப்படி ஒருவர், தமிழ் கற்பிக்கத் தந்த அறையில், தமிழ்ப் பெண்களுக்கு மலாய் கற்பிக்கிறார்...

அடுத்த வியாழக்கிழமையும் அதே வழியில் வந்தேன். அதே ஒலி. திங்களும் செவ்வாயும் புதனும் வந்து கேட்டேன். அந்நாள்களில் அகரமும் ஆகாரமும் லோகநாயகியின் குரலில் ஒழுங்காகக் கேட்டன.

ஆக, எனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் தமிழ். ஒரு நாள் மலாய். தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போனேன். நாள்காட்டியை எடுத்தேன். செல்லும் நாளை மதிப்பீட்டாளரே தீர்மானித்தல் வேண்டும்.

வியாழக்கிழமையைக் குறித்தேன்.

இதுதான் என் குற்றம். இதை எழுத இவ்வளவு தொலைவு சுற்றி வந்திருக்கிறேன், பாருங்கள்! மற்றதெல்லாம் விதி. இது நான்.

ஏன் அப்படிச் செய்தேன்? மொழிப்பற்றா? அப்படித்தான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அல்லது, அவை என்னைச் சிரிக்கக் காரணமானாரே ஒரு பெண், அந்தச் சுடுதலா? இரண்டில் எது முந்தியது என்று பிரித்தறிய முயன்றிருக்கிறேன். முடியவில்லை. ஒன்று தெரியும். நாள்காட்டியில் நான் இழுத்த கோடு நேராக விழுந்தது.

சென்றேன். மாடியறையில் பெண்கள் பாயில் அமர்ந்திருந்தனர். ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அஞ்சலை. மருத்துவமனைத் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை. கணவர் இறந்துவிட்டார். பிறந்து சில மாதத்தில் தாயின் இடுப்பில் கப்பலேறி வந்தவர். ஒரே மகள், இங்கே பிறந்தவள்.

"நாமா சாயா... நாமா சாயா அஞ்சலை." என் பெயர் அஞ்சலை. அவ்வளவுதான். அதைச் சொல்லவே அவர் நெற்றி வியர்த்திருந்தது.

"பாகுஸ்! செக்காலி லாகி" என்றார் மீனாட்சி அம்மையார். நன்று, இன்னொரு முறை.

"நாமா சாயா அஞ்சலை."

"பேரு சொல்றப்ப பொண்ணு பாக்க வந்த மாதிரி தலயக் குனியாத டி!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேலி செய்தார். "தொர ஒன்னையா கட்டிக்கப் போறாரு?"

"அவரு கேட்டா நான் மாட்டேம்பேன்" என்றார் அஞ்சலை. எல்லோரும் சிரித்தார்கள். மீனாட்சி அம்மையாருக்குத் தமிழ் விளங்கவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தார். "மிங்கு டெப்பான், ருமா" என்று விரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த வாரம், வீடு. வீட்டு விலாசம் சொல்வது அடுத்த வாரப் பாடம்.

அப்போதுதான் என்னைக் கண்டார்கள். சிரிப்பு நின்றது.

லோகநாயகி பதறவில்லை. "வாங்க ஐயா. இன்னிக்கு வியாழக்கிழம, அதான் மீனாட்சி மாச்சிக் எடுக்குறாங்க. இவங்கள்ல நாலு பேர அடுத்த மாசமே ஆபிசுல கூப்புடுவாங்க..."

நான் கையுயர்த்தித் தடுத்தேன். "உரையாடலாகாது அம்மா. விதி."

அஞ்சலை ஓடிப்போய் மூலையிலிருந்து ஒரு குவளையைக் கொண்டுவந்தார். "கோப்பி ஐயா. இப்பத்தான் போட்டது. சூடா இருக்கு."

"வேண்டா."

"வாத்தியாரையாவுக்கு நம்ம கோப்பி ஒத்துக்காது போல" என்று அந்தக் கேலிக்காரப் பெண் மெதுவாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

நின்றவாறே படிவத்தை நிரப்பினேன். அறை தூய்மையாக உள்ளதா? ஆம். பயன்பெறுவோர் வந்துள்ளனரா? ஆம். அறிவிக்கப்பட்ட பாடம் நடந்ததா? இல்லை. அறிவிக்கப்பட்ட ஆசிரியர் நடத்தினாரா? இல்லை.

இரண்டு.

ஒவ்வொரு விடையும் மெய். கண்டதை மட்டும் எழுதினேன். நெற்றி வியர்வையை நான் கண்டேன்தான். அதற்கு வினா இல்லை.

ஆட்சிக்குழு கூடியது. தலைவர் என் அறிக்கையை வாசித்தார். மற்றவர்கள் அடுத்த தாளைப் புரட்டினார்கள். விதி தெளிவாக இருந்தது. நான்தான் அதைத் தெளிவாக எழுதியிருந்தேனே! காதர் மரைக்காயர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, ரெண்டு இல்லைய விடுங்க. அங்க வேற என்னா பாத்தீங்க?"

நான் சொல்லியிருக்கலாம். அவர்கள் குடியுரிமைக்காக மலாய் படிக்கிறார்கள், மற்ற மூன்று நாளும் தமிழ்தான் என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். அவர் அதற்காகத்தானே கேட்டார்! அவர் தம் துணிக்கடைச் சீட்டின் அடியில் இருக்கும் அந்த இரண்டு வரியை என் கையில் கொடுத்தார்.

"கண்டதை எழுதியிருக்கிறேன். கேட்டதைச் சொல்ல விதி இடந்தரவில்லை" என்றேன்.

"ஒங்க விதிய ஒங்ககிட்டயே கேக்குறேன் பாருங்க" என்று முணுமுணுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

அறை திரும்பப் பெறப்பட்டது.

ஓர் அறைதானே, வேறிடத்தில் நடத்தலாமே என்று நீங்கள் எண்ணலாம். நானும் அப்படித்தான் எண்ணி என்னைத் தேற்றிக்கொண்டேன். லோகநாயகி நடத்தத்தான் பார்த்தார். ஆனால் அந்தப் பெண்களை வீட்டார் வெளியே அனுப்பியது அறக்கட்டளையின் பெயரை நம்பி. பெரியவர்கள் பார்த்து மூடிவிட்டார்கள் என்றால் அங்கே என்னவோ சரியில்லை என்றாகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டனர். மீனாட்சி அம்மையாரைத் தேடிப் போய்ப் படிக்கவும் கூச்சம். செட்டிக் குடியிருப்புக்கு இவர்கள் ஏன் போகிறார்கள் என்று பேச்சு எழுந்தது. அப்பேச்சின் வேர் எங்கேயென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்தாண்டுகளாக வகுப்பில் அதைத்தானே நான் நட்டு வளர்த்தேன்.

இரண்டு மாதம் சென்றிருக்கும். பள்ளி வாசலில் லோகநாயகி நின்றுகொண்டிருந்தார். மருந்தக உடையோடு வந்திருந்தார். வசைபாட வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அஞ்சலைக்குக் கெடைக்கல ஐயா" என்றார்.



"எங்க இருக்கன்னு அந்த ஆபிசர் கேட்டிருக்காரு. இவ எந்திரிச்சு நின்னு பேரச் சொல்லியிருக்கா. வீடு எங்கன்னு மறுபடி கேட்டிருக்காரு. மறுபடியும் பேரு. மூணு தடவ. பயத்துல வேற ஒன்னும் வரல. பேரு மட்டுந்தான் ஐயா பாடம் ஆச்சு. வீடு அடுத்த வியாழக்கிழமப் பாடம்."

"மீண்டும் விண்ணப்பிக்கலாமே" என்றேன். என் குரல் எனக்கே அயலாக ஒலித்தது.

"மாட்டேங்குறா. அங்க இருந்தவங்க சிரிச்சிட்டாங்களாம்."

பிறகு கேட்டார், கோபமின்றி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில்: "ஏன் ஐயா வியாழக்கிழமையா பாத்து வந்தீங்க?"

"செல்லும் நாளை மதிப்பீட்டாளரே தீர்மானிப்பார்."

என்னையே பார்த்தார். தலையசைத்தார். போய்விட்டார். சில மாதங்களில் கணவரோடு புக்கிட் பாருவுக்குக் குடிபெயர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அறக்கட்டளையின் எந்தக் கூட்டத்துக்கும் அவர் பின்னர் வரவில்லை.

கொள்கையோ செழித்தது! வேறு ஊர்களின் அறக்கட்டளைகள் படி கேட்டு வாங்கின. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஐயத்துக்கு இடமில்லாத விதிகள் என்று ஒருவர் மேடையில் புகழ்ந்தார். கைதட்டல் கேட்கும்போது, நலமான வலக்கையில் கட்டோடு அந்தக் காவலாளி கூட்டத்தில் எங்கோ அமர்ந்து தட்டுவதாக எனக்குத் தோன்றியது.

இன்றும் நான்தான் மதிப்பீட்டாளன். விலகவில்லை. கடைசியில் இரண்டு வரி சேர்க்கலாம் என்று முன்மொழியப் பலமுறை எண்ணினேன். எந்தத் திருத்தத்துக்கும் காரணம் எழுதித் தரவேண்டும் என்பது விதி. அதையும் நானே எழுதினேன். காரணம் எழுத உட்காருவேன். முதல் தொடரிலேயே வியாழக்கிழமை வந்துவிடும். தாளை மடித்து வைத்துவிடுவேன்.

அஞ்சலை அந்தச் சிவப்பு அட்டையோடு அதே துணிக்கூடத்தில் ஆண்டுகள் சில ஓட்டினார். தெருவில் கண்டால் ஒதுங்கி நின்று "வணக்கம் ஐயா" என்பார். வகுப்பு மூடியதற்கு நான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. படிவம், விதி, குழு... யாரோ மூடினார்கள் என்ற அளவில்தான் அவருக்கு அது. என் விதிகளின் அழகு அதுதானே! செய்தவன் முகம் எங்கும் தெரிவதில்லை.

பிறகு, சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சட்டம் வந்தது. பலருக்குக் கிடைக்கவில்லை. அஞ்சலைக்கும் கிடைக்கவில்லை. வேலை போயிற்று. மணமாகிச் செமாபோக்கில் இருந்த மகளின் வீட்டில் சில மாதம் தங்கினார். அங்கே இடமும் இல்லை, மாமியாரின் முகமும் சரியில்லை. ஊரிலிருந்து அண்ணன் கடிதம் போட்டார். வந்துவிடு என்று. பார்த்தே இராத அண்ணன். பார்த்தே இராத ஊர்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை ஆள் அனுப்பினார். வாத்தியாரையா வந்து ஒரு சின்ன உதவி செய்ய வேண்டுமாம்.

போனேன். கடைவீட்டுக்குப் பின்சந்தில், மகள் வீட்டிலிருந்து திரும்பி வந்து அவர் தங்கியிருந்த ஒற்றையறை. நடுவே பச்சைத் தகரப் பெட்டி ஒன்று, புதியது. பக்கத்தில் வெள்ளைச் சாயச் சட்டியும் தூரிகையும்.

"கப்பல்ல பெட்டி மாறிப் போகுமாம் ஐயா. மேல எழுதணுமாம்." சொல்லிவிட்டுச் சிறிது வெட்கத்தோடு மூடியைக் காட்டினார். "பேர நானே எழுதிட்டேன். லோகா அக்கா சொல்லிக் குடுத்தது, மறக்கல. ஊருதான் எழுத வரல."

பார்த்தேன். 'அஞ்சலை'. கோணலான, ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத எழுத்துகள். பிழை இல்லை. அந்த மாடியறையில் தமிழ் கற்பிக்கப்பட்டதற்கான சான்று, என் கண்முன், வெள்ளைச் சாயத்தில் இன்னும் ஈரமாக... கண்டதை எழுதுபவனல்லவா நான்? கண்டேன்.

"என்ன ஊர்?"

அண்ணனின் கடிதத்தை நீட்டினார். அவரால் அதைப் படிக்க இயலாது. நான் படித்துச் சொன்னேன். உதடுகளை அசைத்து அந்தப் பெயரைத் தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார், பாடம் படிப்பவர்போல.

"காஜா பெராங்குன்னு போட முடியாதா ஐயா, கீழ?"

"போகும் இடத்தைத்தான் எழுத வேண்டும் அம்மா" என்றேன். என் வாய் அப்படிப் பழகிவிட்டது!

மண்டியிட்டு எழுதினேன். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தும் அளவாக. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. ஊரின் பெயர் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று கெடு வைத்துக்கொண்டேன். பெயர் முடிந்தது. மாவட்டம் முடிவதற்குள் என்றேன். அதுவும் முடிந்தது.

"அச்சடிச்ச மாதிரி இருக்கு ஐயா!" என்றார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இப்ப மாறிப் போகாது."

காப்பி கொண்டுவந்தார். தயங்கித்தான் நீட்டினார், அன்று நான் மறுத்தது அவருக்கு நினைவிருந்தது போலும். வாங்கிக்கொண்டேன். சூடாக இருந்தது. கடைசித் துளிவரை குடித்தேன். அவர் முகம் மலர்ந்தது. "எங்க வீட்டு கோப்பி ஐயாவுக்கு ஒத்துக்கிச்சு" என்றார்.

நான் சொல்லவில்லை.

மறுநாள் பேருந்தின் கூரையில் அந்தப் பெட்டியை ஏற்றியபோது எதிர்ச்சாரி அஞ்சடியில் நின்றிருந்தேன். மகள் அழுதுகொண்டிருந்தாள். அஞ்சலை அழவில்லை, பெட்டியைக் கட்டும்வரை அண்ணாந்து அதையே பார்த்திருந்தார். வண்டி திரும்பும்போது மூடியின் வெள்ளை எழுத்துகள் ஒருமுறை தெளிவாகத் தெரிந்தன.

பெயர் அவர் எழுதியது. ஊர் நான் எழுதியது.